கடல் கடந்த இங்கிலீஷ் வாத்தியார்கள்

கல்லூரியை முடித்த கையோடு ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் பறக்கும் இளைஞர்கள் அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் எதை வாங்குகிறார்கள்?

விலங்கியல் படித்திருக்கலாம், இசை படித்திருக்கலாம், எதைப் படித்திருந்தாலும் சரி. ஏதோ ஒரு பட்டம் வேண்டும். இங்கிலீஷ் பேசும் நாட்டின் பாஸ்போர்ட் வேண்டும். போலீஸ் வழக்கு எதுவும் இல்லை என்பதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். இவ்வளவு இருந்தால் போதும். மே மாதம் ஓஹையோவில் பட்டமளிப்புத் தொப்பியை வானத்தில் வீசிய பையன், செப்டம்பரில் ஜப்பானின் ஏதோ ஒரு மலையடிவார ஊரில் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் கையில் சாக்பீஸோடு நிற்கலாம். ஆசிரியர் பயிற்சி கிடையாது. ஒருநாள்கூடப் பாடம் நடத்தியது கிடையாது. ஜப்பானிய மொழியில் நன்றி சொல்லத் தெரிந்திருந்தாலே அதிகம். பி.எட். முடித்து, டெட் எழுதி, டி.ஆர்.பி. அறிவிப்பு எப்போது வரும் என்று வருஷக்கணக்கில் காத்திருக்கும் நம் ஊர்ப் பட்டதாரிகள் இதைக் கேட்டால் வயிறெரிவார்கள்.

ஆனால் அந்தப் பையனைக் கூப்பிட்டவர்கள் ஏமாளிகள் இல்லை. அவனுக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் விமான டிக்கெட் போட்டு, வீடு பார்த்துக் கொடுத்து, மாதாமாதம் சம்பளமும் தருகிறார்கள். அப்படியென்றால் அவர்களுடைய கணக்கு வேறு. அந்தக் கணக்கு புரியாமல் போகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் நொந்துபோய்த் திரும்புகிறார்கள்.

ஜெட் என்று ஒரு திட்டம்

இந்த வேலைகளிலேயே பெயர்பெற்றது ஜப்பான் அரசின் ஜெட் திட்டம். 1987-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய 4 நாடுகளிலிருந்து 848 பேரோடு தொடங்கினார்கள். 2002-இல் 6,273 பேர். 2019-இல் 57 நாடுகளிலிருந்து 5,761 பேர். இதுவரை போய்வந்தவர்கள் 75,000-க்கும் மேல். இவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஏ.எல்.டி. எனப்படும் துணை மொழி ஆசிரியர்கள். மற்றவர்கள் நகராட்சி அலுவலகங்களில் மொழிபெயர்ப்பு, பண்பாட்டு நிகழ்ச்சி என்று வேலை பார்ப்பவர்கள்.

இலையுதிர் காலத்தில் விண்ணப்பம், குளிர்காலத்தில் தூதரகத்தில் நேர்காணல், வசந்தத்தில் முடிவு, ஜூலை கடைசியில் விமானம். எந்த ஊர் வேண்டும் என்று எழுதிக்கொடுக்கலாம், கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். டோக்கியோ கேட்டவருக்கு நாகசாகி பக்கத்துத் தீவு ஒன்று வந்து சேரும். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. புதுப்பித்துக்கொண்டே போனாலும் 5 வருடத்துக்கு மேல் இல்லை. 2012 முதல் பல வருடங்கள் முதல் வருடச் சம்பளம் 33.6 லட்சம் யென்னாகவே இருந்தது. 2025-இல் அதை 40.2 லட்சமாக உயர்த்தினார்கள். கிராமத்து வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் பிடிக்கலாம். கல்விக்கடன் கழுத்தை நெரிக்கும் அமெரிக்கப் பட்டதாரிக்கு அது பெரிய விஷயம்.

திட்டம் பிறந்த கதையில் இங்கிலீஷைவிட கார்களும் டிவிகளும்தான் அதிகம். 1980-களில் ஜப்பானியச் சரக்குகள் அமெரிக்கச் சந்தையை நிரப்பிவிட்டன. அமெரிக்காவுக்கு வர்த்தகத்தில் துண்டு விழுந்துகொண்டே போனது. ஜப்பான் விற்க மட்டும்தான் கதவைத் திறக்கிறது, யாரையும் உள்ளே விடுவதில்லை என்று வாஷிங்டனில் கூச்சல். அமெரிக்க அதிபர் ரீகனும் ஜப்பான் பிரதமர் நகசோனேயும் நண்பர்கள்தான். ஆனாலும் நட்பைக் காட்ட ஏதாவது கையில் வேண்டுமே. ஆயிரக்கணக்கில் வெளிநாட்டு இளைஞர்களைக் கூப்பிட்டுக் கிராமம் கிராமமாக அனுப்பலாம் என்ற யோசனையைக் கொண்டுவந்தது கல்வி அமைச்சகம் அல்ல, உள்ளாட்சிகளைக் கவனிக்கும் அமைச்சகம். வெளியுறவுத் துறை உடனே தலையாட்டியது. கல்வி அமைச்சகம்தான் தயங்கித் தயங்கிச் சேர்ந்தது. டேவிட் மெக்கானல் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 2000-இல் எழுதிய புத்தகத்தில் இந்த மூன்று அமைச்சகங்களின் இழுபறியை விரிவாகச் சொல்லியிருக்கிறார். செலவை ஈடுகட்ட உள்ளாட்சிகளுக்கு மத்திய அரசு நிதியும் ஒதுக்கியது. அதனால்தான் பஸ் நாளைக்கு நாலு முறை வந்துபோகும் ஊரில்கூட ஒரு கனடாக்காரர் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆக, வெளிநாட்டு முகத்தைப் பார்த்தால் ஒதுங்கிப் போகும் ஊர்க்காரர்களுக்கு அந்த முகத்தைப் பழக்குவதுதான் வேலை. இங்கிலீஷ் அதற்கு ஒரு சாக்கு. முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பகுதி சாக்குதான்.

வகுப்பறைக்குள்ளே

வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, உள்ளே போடுவதற்கென்றே வைத்திருக்கும் காலணியை மாட்டிக்கொண்டு ஏ.எல்.டி. ஆசிரியர் அறைக்குள் நுழைகிறார். எல்லா ஆசிரியர்களும் ஒரே பெரிய அறையில் மேஜைகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். காலைக் கூட்டம் முழுக்க ஜப்பானிய மொழியில் நடக்கும். எல்லோரும் குனிந்தால் இவரும் குனிய வேண்டும்.

முதல் சில வாரங்களுக்கு ஒரே பாடம்தான்: தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்வது. வீட்டு நாயின் படம், அம்மா அப்பா படம், ஊரில் பனி கொட்டிய படம், பையிலிருந்து நாலு அமெரிக்க நாணயங்கள். ஒரே ஆள் இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் போவதால், அந்த நாயின் பெயரை எத்தனை வகுப்பில் சொன்னோம் என்ற கணக்கே மறந்துபோகும். அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். பல பேருக்கு ஏமாற்றமும் அங்கேதான் தொடங்கும். வகுப்பை நடத்துவது ஜப்பானிய ஆங்கில ஆசிரியர். இலக்கணத்தை அவர் ஜப்பானிய மொழியில் விளக்குவார். இவர் பலகையோரம் நிற்பார். பாடப்பகுதி வந்ததும் "ப்ளீஸ் ரீட்" என்பார் அவர். இவர் ஒரு வரி படிப்பார், முப்பது குரல் திருப்பிச் சொல்லும். அடுத்த வரி. மறுபடி முப்பது குரல். மனித டேப் ரெக்கார்டர் என்று தங்களையே கிண்டல் செய்துகொள்வது ஏ.எல்.டி.கள் மத்தியில் பழைய ஜோக்.

நேர் எதிரும் உண்டு. சில ஆசிரியர்கள் வகுப்பை அப்படியே கையில் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். ஐம்பது நிமிஷம். பிங்கோ ஆட்டம் இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். மீதி நேரத்துக்கு என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. டோக்கியோ ஓட்டலில் இரண்டு மூன்று நாள் நடக்கும் அறிமுக முகாமில் கேள்வி கேட்டால், ஒவ்வொருவர் நிலைமையும் வேறு வேறு என்பதுதான் பெரும்பாலும் பதில். அந்த வாக்கியம் ஏ.எல்.டி.கள் மத்தியில் அவ்வளவு பிரபலம். முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு சுருக்கப் பெயரே வைத்துவிட்டார்கள்.

நான்காவது பீரியட் முடிந்ததும் மதியச் சாப்பாடு. வெள்ளைத் தொப்பி, வெள்ளை மேலங்கி போட்ட பிள்ளைகளே அண்டாவைத் தூக்கிவந்து பரிமாறுவார்கள். சோறு, மீன், மிசோ சூப், கூடவே ஒரு பாக்கெட் குளிர்ந்த பால். சோற்றுக்கும் மீனுக்கும் பாலா என்று முகம் சுளித்தால் பக்கத்துப் பிள்ளை சிரிக்கும். ஏ.எல்.டி. ஆசிரியர் அறைக்குப் போகாமல் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது பல பள்ளிகளில் வழக்கம். அப்புறம் துப்புரவு நேரம். ஈரத் துணியைத் தரையில் அழுத்திக்கொண்டு பிள்ளைகள் நடைபாதை நெடுக ஓடுவார்கள், இவரும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். வகுப்பில் வாயே திறக்காத பையன் இங்கே வந்து நிற்பான். நாட்டோ பிடிக்குமா என்று கேட்பான். நூலாய்ப் பிரியும், நாறும் அந்தப் புளித்த சோயாவைச் சாப்பிட்டிருக்கிறாரா என்று தெரிந்துகொள்வதில் அவனுக்கு அவ்வளவு ஆர்வம். கேர்ள் ஃபிரெண்ட் இருக்கிறாளா என்பது அடுத்த கேள்வி. கேட்டது உடைந்த இங்கிலீஷ்தான், ஆனால் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவனாகவே கேட்டது. பாட வேளை முழுக்கக் கத்தியும் வராதது பக்கெட் ஓரத்தில் வந்துவிடுகிறது.

சொல்லாமல் விடக்கூடாத சங்கடங்களும் உண்டு. கோடை விடுமுறையில் பிள்ளைகள் இல்லாத பள்ளியிலோ கல்வி அலுவலகத்திலோ போய் மேஜையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் மூச்சு விட்டால் புகை தெரியும். மண்ணெண்ணெய் அடுப்பில் எண்ணெய் தீர்ந்தால் ராத்திரி ரஜாயே கதி. ஊரில் இவரைத் தெரியாதவர்கள் கிடையாது. சூப்பர் மார்க்கெட்டில் என்ன பீர் வாங்கினார் என்பது மறுநாள் வகுப்பில் செய்தியாகிவிடும். இருபத்திரண்டு வயதில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் இதையெல்லாம் தாங்குவது சின்னக் காரியமல்ல.

இங்கிலீஷ் வளர்ந்ததா?

இத்தனை பேர் வந்துபோயும் ஜப்பானியர்களின் இங்கிலீஷ் அப்படியொன்றும் ஓங்கிவிடவில்லை. 2024-இல் ஈ.எஃப். நிறுவனம் வெளியிட்ட ஆங்கிலத் திறன் பட்டியலில் 116 நாடுகளில் ஜப்பானுக்கு 92-ஆவது இடம். தாமாக முன்வந்து இணையத்தில் தேர்வு எழுதியவர்களை வைத்துப் போட்ட பட்டியல் அது. வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் இந்தச் சந்தேகம் புதிதல்ல. 2010-இல் ஜப்பான் அரசு செலவுகளைக் கத்தரிக்கோலோடு பார்த்தபோது ஜெட் திட்டத்தையும் கூண்டில் ஏற்றியது. இவ்வளவு பணம் கொட்டி என்ன பலன் என்று கேட்டார்கள். பங்கேற்பாளர் எண்ணிக்கை அந்தச் சமயத்தில் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியிருந்தது.

பழியை ஏ.எல்.டி. தலையில் போடுவது நியாயமில்லை. ஜப்பானியப் பிள்ளை இங்கிலீஷ் படிப்பது உயர்நிலைப் பள்ளி நுழைவுத்தேர்வுக்காக, பிறகு பல்கலைக்கழக நுழைவுத்தேர்வுக்காக. அங்கே கேட்பது பெரும்பாலும் இலக்கணமும் வாசிப்பும். பேச்சுக்கு மார்க் கிடையாது. மார்க் இல்லாததை எந்த ஊர்ப் பிள்ளை படிக்கும்? நம் ஊரில் மட்டும் படிக்கிறதா என்ன! பல்கலைக்கழக நுழைவில் பேச்சுத் தேர்வையும் சேர்க்க நினைத்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கும் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் பாதகம் என்று எதிர்ப்பு கிளம்ப, 2019 நவம்பரில் தள்ளிவைத்தார்கள். டோக்கியோ மட்டும் துணிந்து 2022-இல் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பேச்சுத் தேர்வு வைத்தது. ஐந்து, ஆறாம் வகுப்புகளில் இங்கிலீஷ் முறையான பாடமானதே 2020-இல்தான். தேர்வு மாறாமல் ஆளை மட்டும் மாற்றினால் இவ்வளவுதான் கிடைக்கும்.

அந்தச் சாக்குக்குப் பின்னால் இருந்த உண்மையான வேலையைப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. வர்ஜீனியாவைச் சேர்ந்த டெய்லர் ஆண்டர்சன் 2008-இல் இஷினோமாகி நகரத்துக்கு ஏ.எல்.டி.யாக வந்தார். 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்தபோது ஒரு தொடக்கப் பள்ளியில் இருந்தார். பிள்ளைகளைப் பெற்றோர் வந்து அழைத்துப்போகும்வரை கூட இருந்துவிட்டு, சைக்கிளில் தன் வீட்டுக்குக் கிளம்பினார். வழியில் சுனாமி. வயது 24. அலாஸ்காவிலிருந்து வந்த மான்டி டிக்சன் என்ற இன்னொரு ஏ.எல்.டி. அதே நாளில் ரிகுசென்தகாதா நகரத்தில் இறந்தார்.

டெய்லரின் பெற்றோர் மகள் பெயரில் ஒரு நிதியம் தொடங்கி, அவர் பாடம் எடுத்த பள்ளிகளுக்குப் புத்தகங்கள் கொடுக்க முடிவு செய்தார்கள். டெய்லருக்கு வாசிப்பு என்றால் உயிர். புத்தகங்களை வைக்க அலமாரிகள் செய்துதர ஊரில் ஒரு தச்சர் முன்வந்தார். அவருடைய மூன்று பிள்ளைகளையும் அதே சுனாமி கொண்டுபோயிருந்தது. மூவரும் டெய்லரிடம் படித்தவர்கள். அந்த மனிதர் இழைப்புளியைக் கையில் எடுத்து, பள்ளி பள்ளியாக டெய்லர் பெயரிட்ட வாசிப்பு மூலைகளுக்கு அலமாரி செய்துகொடுத்தார். இதை எந்தத் திறன் பட்டியலில் எந்த வரிசையில் சேர்ப்பது?

கொரியாவிலும் இப்படி ஒரு கதை உண்டு, முடிவு மட்டும் மகிழ்ச்சியானது. அமெரிக்க அமைதிப்படைத் தொண்டராக 1970-களில் யேசான் என்ற சிற்றூரில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த கேத்லீன் ஸ்டீவன்ஸ், 2008-இல் அதே நாட்டுக்கு அமெரிக்கத் தூதராகவே திரும்பிவந்தார். கொரிய மொழியில் சரளமாகப் பேசும் தூதர்.

ரயிலடிக் கடைகள்

ஜப்பான் அரசாங்கம் ஜெட் திட்டத்தைப் பண்பாட்டுப் பரிமாற்றம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. தனியார் சந்தை அதே சரக்கை எடுத்துக் கல்வி என்று லேபிள் ஒட்டி விற்கிறது. வில்லங்கம் அங்கேதான்.

ஜப்பானில் எய்கைவா என்றால் இங்கிலீஷ் பேச்சுப் பயிற்சிக் கடை. ரயில் நிலையத்துக்கு ஒன்றாவது இருக்கும். அதில் ஒரு காலத்தில் பெரிய பெயராக இருந்தது நோவா. இளஞ்சிவப்பு முயல் பொம்மை, கண்ணாடித் தடுப்பு போட்ட குட்டி அறைகள், நாடு முழுவதும் சுமார் 900 கிளைகள், 4 லட்சம் மாணவர்கள், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஆசிரியர்கள். பாடங்களுக்கான பணத்தை மொத்தமாக முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். பாதியில் விலகினால் திருப்பித் தருவதில் தகராறு. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2007 ஏப்ரலில் நோவா தோற்றது. ஜூனில் அரசு வியாபாரத்தின் ஒரு பகுதியை நிறுத்தியது. அக்டோபர் 26-ஆம் தேதி மஞ்சள் கடுதாசி. ஆசிரியர்களுக்குச் சம்பள பாக்கி. அதைவிடக் கொடுமை, சம்பளத்தில் வாடகையைப் பிடித்துக்கொண்ட நிறுவனம் வீட்டுக்காரர்களுக்கு அதைக் கட்டவில்லை. பல பேர் வாசலில் வெளியேற்ற நோட்டீஸ். ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்தால் ஒரு பாடம் நடத்துகிறேன் என்று தொழிற்சங்கத்தின் மூலம் சொல்லுமளவுக்குப் போனது. ஊருக்குத் திரும்பப் பணமில்லாத இருபத்து மூன்று வயதுக்காரர்கள்.

இப்போது பள்ளிகளுக்குள்ளும் இந்த வியாபாரம் வந்துவிட்டது. ஜெட் மூலம் ஆள் எடுப்பது தலைவலி, வீடு பார்க்க வேண்டும், மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நினைக்கும் நகராட்சிகள் டெண்டர் விட்டு, யார் குறைந்த விலைக்கு ஆள் தருகிறார்களோ அவர்களிடம் விட்டுவிடுகின்றன. டெண்டரில் குறைத்த பணம் ஏ.எல்.டி.யின் சம்பளத்திலிருந்துதானே போகும்? வாரத்துக்கு 29.5 மணி நேரம் என்று ஒப்பந்தம் எழுதுவது பல வருடங்கள் இந்தத் தொழிலின் பிரசித்தமான தந்திரமாக இருந்தது. முப்பதைத் தொட்டால் சமூகக் காப்பீட்டில் நிறுவனமும் பங்கு கட்ட வேண்டியிருந்தது. விடுமுறை மாதத்தில் சம்பளத்தில் வெட்டு விழுவதும் சகஜம்.

இதில் ஒரு வேடிக்கை. ஆளை அனுப்புவதாக எழுதாமல் சேவையைக் குத்தகைக்கு விடுவதாக ஒப்பந்தம் போட்டிருந்தால், வகுப்பிலிருக்கும் ஜப்பானிய ஆசிரியர் ஏ.எல்.டி.யிடம் இதைச் செய் என்று நேரடியாகச் சொல்லக்கூடாது; சொன்னால் தொழிலாளர் சட்டப்படி தப்பு. எதுவானாலும் நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து நடத்த வேண்டிய வகுப்பில் ஒருவரிடம் ஒருவர் பேசினால் சட்டச் சிக்கல். இப்படியும் ஒரு ஏற்பாட்டை யோசித்த மூளை எதுவோ!

கொரியாவின் தனிப்பயிற்சிக் கூடங்களான ஹாக்வான்கள் தனி உலகம். பள்ளி முடிந்த பிள்ளைகள் அங்கே வருவார்கள். சியோலில் இரவு 10 மணிக்கு மேல் நடத்தக்கூடாது என்று விதி போட வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளத்தோடு வீடும் தருவார்கள். ஒரு வருடம் முடித்தால் ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடை என்பது கொரியச் சட்டம். அதைக் கொடுக்க மனமில்லாத முதலாளிகள் பதினோராவது மாதத்தில் ஏதாவது காரணம் காட்டிச் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அரசுப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கும் எபிக் திட்டம் 1995-லிருந்து நடக்கிறது. அங்கே இந்த வேலையெல்லாம் நடக்காது.

சீனா 2021 ஜூலையில் ஒரே ஆணையில் பள்ளிப் பாடங்களுக்கான டியூஷன் வியாபாரத்தை முடக்கியது. வெளிநாட்டில் உட்கார்ந்தபடி சீனப் பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம் எடுக்க ஆசிரியர்களை அமர்த்துவதையும் தடை செய்தது. அமெரிக்காவில் அதிகாலையில் எழுந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்து சம்பாதித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று.

எந்த ஊர் பாஸ்போர்ட்?

கொரியாவின் ஈ-2 விசாவில் தாய்மொழி ஆங்கிலக்காரர் என்று ஏற்றுக்கொள்ளும் நாடுகள் ஏழு: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. சிங்கப்பூர் இல்லை. முதல் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை இங்கிலீஷிலேயே படித்த சிங்கப்பூர்த் தமிழருக்கு அந்தக் கதவு சாத்தியிருக்கிறது. ஆங்கிலவழியில் படித்ததற்குச் சான்று காட்டினால் டர்பன் தமிழருக்குத் திறந்திருக்கிறது. நான்கு தலைமுறைக்கு முன் இரண்டு பேருடைய முன்னோரும் ஒரே துறைமுகத்தில் வேறு வேறு கப்பல் ஏறியிருக்கலாம். எந்தக் கப்பல் என்பதுதான் இன்றைக்கு விசாவைத் தீர்மானிக்கிறது. இந்த விஷயத்தில் ஜப்பான் பரவாயில்லை; ஜெட் திட்டத்தில் சிங்கப்பூருக்கும் ஜமைக்காவுக்கும் இடமுண்டு.

இந்தியருக்குக் கொரியாவில் ஒரு சன்னல் திறந்தது. இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தம் 2010 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தபோது, பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராக இந்தியர் வரலாம் என்று சேர்த்தார்கள். ஆனால் பட்டத்தோடு ஆங்கில ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். விலங்கியல் படித்த ஓஹையோ பையனுக்கு இல்லாத நிபந்தனை இது. தாய்லாந்தில் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களின் கதையும் இதுதான். கல்வியியல் பட்டம் வாங்கியவர்கள், வகுப்பில் நின்று பழகியவர்கள். அதே பள்ளியில் அதே வேலைக்கு வெள்ளைக்காரரைவிடக் குறைந்த சம்பளம். ஆசிய நாடுகள் பலவற்றில் விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்பது வழக்கம். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

பட்ட நிபந்தனையிலும் ஒரு சுவாரசியம் இருக்கிறது. 1848-இல் ரானல்ட் மெக்டொனால்டு என்ற வாலிபர், அம்மா சினூக் பழங்குடிப் பெண், அப்பா ஸ்காட்லாந்துக்காரர், அந்நியருக்குக் கதவடைத்திருந்த ஜப்பானின் ரிஷிரி தீவில் கப்பல் உடைந்து ஒதுங்கியவரைப் போல நடித்துக் கரையேறினார். பிடித்துக்கொண்டுபோய் நாகசாகியில் காவலில் வைத்தார்கள். கம்பிக்கு உள்ளே இவர், வெளியே 14 அரசு மொழிபெயர்ப்பாளர்கள். அவர்கள் படிக்க, இவர் உச்சரிப்பைத் திருத்த, மாதக்கணக்கில் நடந்தது வகுப்பு. அவர்களில் ஒருவரான மொரியாமா, பின்னால் அமெரிக்கத் தளபதி பெர்ரியின் ஆட்களோடு நடந்த பேச்சுவார்த்தையில் மொழிபெயர்த்தார். 1890-இல் மட்சுயே நகரத்துப் பள்ளிக்கு வந்த லஃப்காடியோ ஹெர்ன், பிறகு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமே சொல்லிக்கொடுத்தார். ஜப்பானியர் இன்றும் கொண்டாடும் எழுத்தாளர். கல்லூரிப் பட்டம் இல்லாதவர். இன்று விண்ணப்பித்தால் முதல் சல்லடையிலேயே கழன்றிருப்பார்.

தமிழர்களுக்கும் இந்த வேலையில் நீண்ட அனுபவம் உண்டு. அதை யாரும் சாகசம் என்று எழுதுவதில்லை, அவ்வளவுதான். மாலத்தீவின் பள்ளிகள் ஆங்கிலவழி. ஆசிரியர் பற்றாக்குறை அந்த நாட்டுக்குத் தீராத பிரச்னை. தென் மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் எம்.ஏ., பி.எட். முடித்தவர்கள் அங்கே போய்க்கொண்டே இருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் சுற்றிவந்துவிடக்கூடிய தீவு, தலைநகருக்குப் போக படகு, இருட்டினால் கடல் சத்தம், வீட்டுக்கு வீடியோ கால். தனியாக ஒரு வகுப்பை நடத்தி, வினாத்தாள் தயாரித்து, பொதுத்தேர்வு முடிவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இவர்கள். டேப் ரெக்கார்டர் வேலை இல்லை. சம்பளத்தை ஊருக்கு அனுப்பும்போது டாலர் தட்டுப்பாடு குறுக்கே வரும். தங்கைக் கல்யாணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் என்று கணக்குப் போட்டுப் போனவர்களுக்கு அது வயிற்றில் அடி. ஒரே வயது, ஒரே பாடம். அமெரிக்கப் பிள்ளை தன்னைத் தேடிப் போகிறது என்கிறார்கள், நம் பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறது என்கிறோம். வாத்தியார் வேலையை உண்மையில் செய்கிறவர் யார் என்று கேட்டால், என் ஓட்டு மாலத்தீவுக்காரருக்குத்தான்.

இத்தனைக்கும் பிறகும் போக நினைப்பவர் போகலாம். தாராளமாகப் போகலாம். இருபத்திரண்டு வயதில் தெரியாத ஊரில் தெரியாத மொழியில் அரிசி வாங்கிச் சமைத்துப் பழகியவருக்கு அதற்குப் பிறகு பல விஷயங்கள் பயமாக இருப்பதில்லை. ஒப்பந்தத்தை மட்டும் ஆற அமரப் படிக்க வேண்டும். வேலை கொடுப்பது பள்ளியா, அரசா, இடையில் ஒரு நிறுவனமா? விடுமுறை மாதத்தில் முழுச் சம்பளம் உண்டா? காப்பீட்டில் பாதியை யார் கட்டுகிறார்கள்? வீடு யார் பெயரில் இருக்கிறது, வேலை போனால் வீடும் போகுமா? விசா முதலாளியோடு கட்டிப்போட்டதா? பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்கக்கூடாது. ஜெட் திட்டமும் எபிக்கும் விண்ணப்பத்துக்குக் காசு வாங்குவதில்லை. இந்தியாவிலிருந்து ஏஜென்ட் மூலம் போவதானால், பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அதற்கு மேல் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று பேரம் பேசினால் ரசீது கேளுங்கள்; தர மறுத்தால் சான்றிதழ்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.